பழக்கூடையில் விழுந்த பந்து

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகம் களைகட்டிவிடும். நவம்பரில் தொடங்கும் போட்டிகளுக்காகக் கல்லூரியின் கூடைப்பந்து அணி மும்முரமாகத் தயாராகும் நேரம் அது. வீரர்கள் பயிற்சி செய்வதைப் பார்ப்பதற்கே ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூடிவிடுவார்கள்! அந்த அரங்கம் இருக்கும் சாலையின் பெயர் நெய்ஸ்மித் சாலை. உள்ளே வீரர்கள் ஓடியாடும் ஆடுகளத்துக்கும் நெய்ஸ்மித்தின் பெயர்தான்.

யார் இந்த நெய்ஸ்மித்? கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் இவர்தான், குட்டீஸ். கான்சாஸ் அணியின் முதல் பயிற்சியாளரும் இவரே. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே பயிற்சி கொடுத்தால் வெற்றி மேல் வெற்றிதான் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! அந்த அணிக்கு இதுவரை வந்த பயிற்சியாளர்களில், வெற்றியைவிடத் தோல்வியை அதிகமாகப் பார்த்தவர் இவர் ஒருவரே. அப்படியும் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, ஏன்? அவரது கதையைக் கேளுங்கள்.

பாறைமேல் வாத்து

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, கனடா நாட்டில் ஆல்மாண்ட் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதானபோது டைபாய்டு காய்ச்சல் அந்தக் குடும்பத்தைத் தாக்கியது. அப்பாவும் அம்மாவும் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அக்காவும் தம்பியும் ஜேம்ஸும் உறவினர்களின் ஆதரவில் வளர்ந்தார்கள். தாய்மாமன் பீட்டர் கண்டிப்பானவர். வயல் வேலை, குதிரை ஓட்டுவது, மரம் வெட்டுவது எல்லாவற்றையும் சிறுவன் ஜேம்ஸ் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு 'பாறைமேல் வாத்து'. ஒரு பெரிய பாறையின்மேல் சின்னக் கல் ஒன்றை வைப்பார்கள். அதுதான் வாத்து! ஒருவன் அதற்குக் காவல் நிற்பான். மற்றவர்கள் தூரத்தில் இருந்து கல் எறிந்து வாத்தைக் கீழே தள்ள வேண்டும். வேகமாக எறிந்தால், குறி தவறிய கல் வெகுதூரம் போய்விடும். அதை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் காவல்காரன் பிடித்துவிடுவான். கல்லை மேலே தூக்கி, வளைவாக மெல்ல எறிகிறவன்தான் கெட்டிக்காரன். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஜேம்ஸ் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து, படிக்காமல் போனோமே என்ற கவலை வந்தது. வெட்கப்படாமல், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். மாண்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் சமயப் படிப்பையும் முடித்தார். மேடையில் நின்று போதிப்பதைப்போலவே, விளையாட்டின் மூலமும் இளைஞர்களை நல்வழிப்படுத்தலாம் என்பது அவரது நம்பிக்கை. அதனால் 1890-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே ஆசிரியரானார்.

பதினான்கு நாள் கெடு

அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. இலையுதிர் காலம் முடிந்ததும் கால்பந்துப் போட்டிகள் முடிந்துவிடும். பேஸ்பால் தொடங்க வசந்தகாலம் வர வேண்டும். நடுவில் வரும் குளிர்காலத்தில் வெளியே எங்கும் பனி! மாணவர்கள் கூடத்துக்குள்ளேயே உடற்பயிற்சி செய்ய வேண்டும். தினமும் அதே பயிற்சி என்றால் யாருக்குத்தான் சலிக்காது? 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு எதற்கும் அடங்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துத் தோற்றுப்போனார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக் அந்த வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்தார். கூடத்துக்குள் ஆடக்கூடிய புதிய விளையாட்டு ஒன்றை 14 நாள்களுக்குள் உருவாக்கும்படியும் சொல்லிவிட்டார்.

வெளியே ஆடும் கால்பந்தை உள்ளே ஆட வைத்தார் நெய்ஸ்மித். மரத்தரையில் முட்டி மோதி விழுந்தால் என்ன ஆகும்? மட்டையால் ஆடும் லக்ராஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். குறுகலான இடத்தில் மட்டைகள் ஆளைத்தான் பதம்பார்த்தன. எதுவும் சரிப்படவில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவர் அமைதியாக உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக யோசித்தார். நீங்களும் சேர்ந்து யோசியுங்கள்.

மட்டை இல்லாமல் ஆட என்ன வேண்டும்? பெரிய பந்து. ஏன் முரட்டுத்தனம் வருகிறது? பந்தோடு ஓடுகிறவனைத் தடுக்கத்தானே மற்றவர்கள் மேலே பாய்கிறார்கள்! பந்தை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது என்றால் பாய வேண்டிய அவசியமே இல்லை. இலக்கு எப்படி இருக்க வேண்டும்? எதிரே நேராக நின்றால் பந்தைப் பலம்கொண்ட மட்டும் எறிவார்கள். அப்போதுதான் சிறுவயதில் ஆடிய 'பாறைமேல் வாத்து' அவரது நினைவுக்கு வந்தது. மெல்ல, வளைவாக எறிவதுதானே அதில் சூட்சுமம்? இலக்கின் வாய் வானத்தைப் பார்த்தபடி, எல்லோருடைய தலைக்கும் மேலே இருந்தால் வேலை முடிந்தது!

கல்லூரியின் பராமரிப்பாளரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை. இரண்டு பீச் பழக்கூடைகள்தான் கிடைத்தன. பெட்டி கிடைத்திருந்தால் இன்று அந்த ஆட்டத்தின் பெயரே வேறாக இருந்திருக்குமோ, என்னவோ! கூடத்தின் இரு முனைகளிலும் மாடத்தின் விளிம்பில் கூடைகளை அடித்து மாட்டினார். அதன் உயரம் 10 அடி. இன்றைக்கும் உலகமெங்கும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்.

1891-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, 13 விதிகளோடு முதல் ஆட்டம் தொடங்கியது. பக்கத்துக்கு 9 பேர். கால்பந்தைத்தான் பயன்படுத்தினார்கள். ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் விழுந்தது! கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், உள்ளே விழுந்த பந்தை ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அடங்காத அந்த வகுப்பு, ஆட்டத்தை விட மனமின்றி ஆடியது. ஆட்டத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயரையே வைக்கலாம் என்றான் ஒரு மாணவன். அவர் சிரித்து மறுத்துவிட்டார். பிறகுதான் கூடைப்பந்து என்ற பெயர் வந்தது. ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் வழியாக ஆட்டம் நாடு நாடாகப் பரவியது. நம் சென்னையில் 1920-ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான்.

தோல்விக்குக் கலங்காதவர்

நெய்ஸ்மித் இத்துடன் நின்றுவிடவில்லை. டென்வர் நகருக்குப் போய் மருத்துவம் படித்து, 1898-ஆம் ஆண்டு டாக்டரானார். அதே ஆண்டு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஓர் அணியைத் திரட்டித் தயார்படுத்தினார். 1899 பிப்ரவரி 3-ஆம் தேதி நடந்த முதல் போட்டியில் 5-க்கு 16 என்ற கணக்கில் தோல்வி! ஆனால் அந்தப் பருவத்தில் 7 போட்டிகளில் அணி வென்றது.

1907 வரை அவர் பயிற்சியாளராக இருந்தார். 55 வெற்றிகள், 60 தோல்விகள். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று வீரர்களை அவர் விரட்டவில்லை. உடல் வலுவாக வேண்டும், கோபத்தை அடக்கப் பழக வேண்டும், நேர்மையாக ஆட வேண்டும். அவருக்கு விளையாட்டு என்பதே இதற்காகத்தான்.

அவரது மாணவர் ஃபாரஸ்ட் ஆலன் இதற்கு நேர் எதிர். வேறொரு கல்லூரி ஆலனைப் பயிற்சியாளராக அழைத்தபோது நெய்ஸ்மித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆட்டத்தைச் சும்மா ஆடினால் போதும், இதற்கு எதற்குப் பயிற்சியாளர் என்று கேட்டார். ஆலன் கேட்கவில்லை. வீரர்களுக்கு நுணுக்கமாகப் பயிற்சி கொடுத்து, கான்சாஸ் அணிக்கு மட்டும் 39 பருவங்கள் பயிற்சியாளராக இருந்து, வெற்றிகளைக் குவித்தார். குருவின் கருத்து தவறு என்று சீடர் நிரூபித்துவிட்டார்! ஆனாலும் இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

1933-ஆம் ஆண்டு ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அங்கே படிக்க வந்தார். நிறத்தைக் காரணம் காட்டி, கல்லூரி அணியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலம் அது. எத்தனை பெரிய அநியாயம் பாருங்கள்! வயதான நெய்ஸ்மித் அந்த மாணவருக்கு வழிகாட்டியாக இருந்து, தனக்குத் தெரிந்ததை எல்லாம் கற்றுக்கொடுத்தார். அணியில் ஆட இடம் கிடைக்காத மெக்லெண்டன், பின்னாளில் பெரிய பயிற்சியாளரானார். 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவரது கல்லூரி அணி தேசியப் பட்டம் வென்றது.

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெற்றது. 74 வயது நெய்ஸ்மித் அதைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பணம் திரட்டி அனுப்பிவைத்தார்கள். முதல் போட்டியில் பந்தை மேலே வீசி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். இறுதிப் போட்டியில் மோதியவை எந்த நாடுகள் தெரியுமா? அவர் பிறந்த கனடாவும், 1925-இல் அவர் குடியுரிமை பெற்ற அமெரிக்காவும்! திறந்தவெளியில், கொட்டும் மழையில் நடந்த அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 19-8 என்று வென்றது.

1939 நவம்பர் 28-ஆம் தேதி நெய்ஸ்மித் காலமானார். தன் கண்டுபிடிப்பை வைத்து அவர் பெரிய பணம் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் 13 விதிகள் அடங்கிய அந்தப் பழைய தாள்கள் 2010-ஆம் ஆண்டு 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின! இப்போது அவை கான்சாஸ் பல்கலைக்கழகத்திலேயே பத்திரமாக உள்ளன. பக்கத்தில் இருக்கும் அரங்கத்தின் பெயர் என்ன தெரியுமா? குருவின் பேச்சைக் கேட்காத ஆலனின் பெயர்தான்!

உங்கள் பள்ளி அணியும் அடுத்த போட்டிக்குத் தயாராகிறதா? நன்றாகப் பயிற்சி செய்யுங்கள், ஜெயிக்கத்தான் ஆடுங்கள். ஒருவேளை தோற்றுவிட்டால், 60 முறை தோற்றவர்தான் இந்த ஆட்டத்தையே நமக்குக் கொடுத்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரணியோடு கைகுலுக்கிவிட்டு, மறுநாள் காலை மைதானத்துக்கு வந்துவிடுங்கள், சரியா?