எழுத்தைத் தெளிவித்த முனிவர்

நுழையும்முன்

தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த பழைய நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்து பொறிக்கப்பட்டுள்ளது. அக்கற்கள் பேசுவது தமிழே. ஆயினும் பயிற்சியின்றி இன்று அவற்றைப் படித்தல் இயலாது. மொழி வாழ்ந்துவர, எழுத்து காலந்தோறும் மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தில் தனியிடம் பெற்றவர் வீரமாமுனிவர்.

வாழ்வும் வருகையும்

கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, 1710இல் கோவாவை அடைந்து, பின்னர்த் தமிழகம் வந்தார். சமயப் பணிக்காகத் தமிழ் கற்கத் தொடங்கியவர், தேம்பாவணி என்னும் காப்பியம் இயற்றும் அளவிற்குப் புலமை பெற்றார்.

புள்ளி தந்த இடர்

எகர, ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுவதும் நெடில்களைப் புள்ளியின்றி எழுதுவதும் பழைய இலக்கண மரபு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆதலின் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விடுத்தனர். அதனால் எரி, ஏரி என்னும் இரு சொற்களும் ஒரே வடிவம் பெற்றன. நெருப்பா, நீர்நிலையா என்பதை இடம்நோக்கியே உணர வேண்டியிருந்தது. கொடு, கோடு என்பனவும் அவ்வாறே மயங்கின.

இம்மயக்கத்தைப் போக்க, முனிவர் நெடில்களுக்குத் தனி அடையாளம் தந்தார். எகரத்தின்கீழ்க் கோடிட்டு ஏகாரமும், ஒகரத்தின்கீழ்ச் சுழியிட்டு ஓகாரமும் அமைந்தன. உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பு குறிலுக்கும், இரட்டைக்கொம்பு நெடிலுக்கும் உரியவாயின. இன்று நாம் எழுதுவது இம்முறையையே.

செந்தமிழும் பேச்சுத்தமிழும்

செந்தமிழின் ஐந்திலக்கணத்தையும் தொன்னூல் விளக்கத்தில் தொகுத்த முனிவர், மக்கள் நாவில் வழங்கிய தமிழையும் புறக்கணிக்கவில்லை. அதற்கு இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் வகுத்தார். 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சதுரகராதியை இயற்றினார். செய்யுள் வடிவ நிகண்டுகளை மனப்பாடம் செய்தே பொருளறிந்த நிலை மாறி, அகரவரிசையில் சொல்லைத் தேடும் வழி பிறந்தது.

தெரிந்து தெளிவோம்

ஆங்கில எழுத்துக்கூட்டல் நிலைபெறத் துணைநின்ற சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தது 1755இல். சதுரகராதி அதற்கு 23 ஆண்டுகள் முந்தையது.

இன்றைய தேவை

இன்று கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதுவோர் பலர். அவ்வாறு எழுதும்போது எரியும் ஏரியும் மீண்டும் ஒரே வடிவம் கொள்கின்றன. ஓலைக்கால மயக்கம் திரையில் திரும்புகிறது. எழுத்து மாறுவது இயல்பு. பெரியார் வலியுறுத்திய சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றதும் அத்தகைய மாற்றமே. ஆனால் எம்மாற்றமும் படிப்போரின் ஐயத்தைக் குறைக்க வேண்டும்; பெருக்குதல் கூடாது. வீரமாமுனிவரின் பணி நமக்கு உணர்த்தும் நெறி இதுவே.