நன்னம்பிக்கை முனையில் ஷைகு யூசுஃப் (ரஹ்)

நாகூர் ஜியாரத்துக்குப் போகும்போது நாகப்பட்டினத்தில் இறங்காமல் போகிறவர்கள் குறைவு. அந்த ஊரில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. 1658ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகையைப் பிடித்து, 1781ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை ஆண்ட டச்சுக் கம்பெனியின் ஆட்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல் இருக்கிறது, கல்லில் எழுத்து இருக்கிறது. அதே துறையில் அவர்களால் கப்பலேற்றப்பட்ட நம் மண்ணின் மக்களுக்கு இரண்டும் இல்லை.

1659 முதல் 1661 வரை தஞ்சை நாயக்கர் நாட்டில் பீஜப்பூர் படைகள் திரும்பத் திரும்பப் புகுந்தன. வயல்கள் பாழாயின, பஞ்சம் வந்தது. காவிரி பாயும் நெல்வள நாட்டில் பசி தாங்காமல் மக்கள் பிள்ளைகளையும் தங்களையுமே விற்றார்கள். நாகை, பழவேற்காடு முதலிய துறைகளில் அந்த ஆண்டுகளில் மட்டும் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர்வரை அடிமைகளாக வாங்கியது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதியினர் இலங்கைக்கும், சிறு பகுதியினர் பதேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். பீஜப்பூர் முஸ்லிம் அரசுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பசியில் விற்கப்பட்டவனுக்கு, படை யாருடையது என்பதில் என்ன வேறுபாடு இருந்திருக்கும்?

அதே கம்பெனி, அதே கடல்வழியில் கொண்டுபோன ஒரு மார்க்க மேதையின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

ஷைகு யூசுஃப் மக்காஸரீ (ரஹ்) 1626ல் இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், கோவா அரசில் பிறந்தார். (நம் மேற்குக் கரைக் கோவா அல்ல, பெயர்தான் ஒன்று.) 1644ல், பதினெட்டு வயதில், கல்வி தேடிக் கப்பலேறினார். பந்தன், யமன், மக்கா, மதீனா, டமாஸ்கஸ் என்று அந்தப் பயணம் நீண்டது. அவருடைய ஆசிரியர்களில் சூரத்தை அடுத்த ராந்தேரைச் சேர்ந்த நூருத்தீன் ரானீரியும், மதீனாவின் இப்ராஹீம் அல் கூரானியும் இருந்தார்கள். டமாஸ்கஸில் கல்வத்திய்யா தரீக்காவின் ஷைகு ஐயூப் அவருக்குத் தாஜுல் கல்வத்தி என்ற பட்டம் தந்தார். ஏறத்தாழ கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் சமகாலத்தவர் என்று வைத்துக்கொண்டால் நமக்குக் காலம் புரியும்.

திரும்பி வந்து ஜாவாவின் பந்தன் நகரில் தங்கினார். அங்கே சுல்தான் அகெங் திர்தயாசாவின் நம்பிக்கைக்குரிய ஆலோசகரானார். 1682ல் சுல்தானுக்கும் அவர் மகனுக்கும் போர் மூண்டது. மகன் டச்சுக்காரரின் துணையை நாடினார். தந்தை தோற்று 1683ல் பிடிபட்டார். ஐம்பத்தேழு வயதான ஷைகு அத்துடன் விடவில்லை. ஆயிரக்கணக்கானோருடன் மலைக்காடுகளில் மாதக்கணக்கில் போரைத் தொடர்ந்தார். கடைசியில் மன்னிப்பு உண்டு என்று வாக்களித்து அந்த ஆண்டு டிசம்பரில் சரணடையச் செய்தார்கள். வாக்கு காப்பாற்றப்படவில்லை. 1684 செப்டம்பரில் மனைவியர், பிள்ளைகள், பன்னிரண்டு மாணவர்களுடன் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார்.

இலங்கையில் பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம். தஞ்சைச் சீமையிலிருந்து விற்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கம்பெனிக்கு உழைத்துக்கொண்டிருந்த தீவு அது. ஷைகு அங்கே பேனாவை எடுத்தார். அரபியில் பல நூல்கள் எழுதினார்; அவற்றில் ஒன்று ஸஃபீனத்துன் நஜாத். நம் மத்ரஸாக்களில் ஓதும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூலான ஸஃபீனத்துன் நஜா வேறு. அது இவருக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்திய ஸாலிம் பின் ஸுமைர் (ரஹ்) எழுதியது. பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்.

ஹஜ்ஜுக்குப் போகும் ஜாவா, சுலவேசி மக்கள் வழியில் இலங்கையில் இறங்கி அவரைக் கண்டார்கள். ஊர் திரும்பும்போது அவருடைய கடிதங்களையும் நூல்களையும் எடுத்துச் சென்றார்கள். சிறைவைத்தும் அவர் குரல் பந்தனுக்கும் மக்காஸருக்கும் கேட்டது. கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை. ஹாஜிகளின் கப்பல் தொடாத இடமாகத் தேடினார்கள். அகப்பட்டது ஆப்பிரிக்காவின் தென்கோடி.

1694 ஏப்ரல் 2 அன்று வூட்பூக் என்ற கப்பல் அவரை நன்னம்பிக்கை முனையில் இறக்கியது. உடன் வந்தவர்கள் 49 பேர். வயது அறுபத்தேழு. வரவேற்ற ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் ஒரு விசித்திரமான பிறவி: மொரீஷியஸ் அருகே கப்பலில் பிறந்தவர், தாய்வழிப் பாட்டி இந்தியப் பெண், தகப்பனார் இலங்கையில் கொல்லப்பட்ட டச்சு அதிகாரி. ஷைகை மரியாதையாகவே நடத்தினார். ஆனால் நகரில் வைக்கவில்லை. கம்பெனியின் அடிமைகளோடு கலக்கக் கூடாதென்று, எர்ஸ்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த ஸாண்ட்ஃப்லீட் பண்ணையில் குடியமர்த்தினார்கள். மாதம் 12 ரிக்ஸ்டாலர் படி.

கேப் நகரில் அடிமைகளைப் பெயரோடு பிறந்த ஊரைச் சேர்த்து எழுதுவார்கள்: வங்காளத்தின் இன்னார், சோழமண்டலக் கரையின் இன்னார், மலபாரின் இன்னார் என்று. அடிமை வணிகம் நின்ற 1808 வரை அங்கே சுமார் 63,000 பேர் கொண்டுவரப்பட்டனர். நான்கில் ஒரு பங்கினர் இந்தியா, இலங்கைப் பகுதியினர். பிற சமயத்தார் வெளிப்படையாக வழிபடக் கம்பெனி ஆட்சியில் அனுமதி இல்லை. எனவே ஒதுக்கி வைத்த பண்ணையே ஒதுங்க இடமாயிற்று. ஓடிவந்த அடிமைகள் ஷைகின் குடியிருப்பில் அடைக்கலம் புகுந்ததாகவும், இரவுகளில் அங்கே திக்ரும் தொழுகையும் கூட்டமாக நடந்ததாகவும் கேப் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் முதல் முஸ்லிம் ஜமாஅத் என்று அதையே கருதுகிறார்கள்.

1699 மே 23 அன்று ஷைகு வஃபாத் ஆனார். அவரைத் திருப்பி அனுப்பும்படி கோவா அரசர் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருந்தார். 1704ல்தான் குடும்பத்தாரில் பலருக்கும் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. 1705 ஏப்ரலில் அவருடைய உடல் எச்சம் மக்காஸர் அருகே லக்கியுங்கில் மீண்டும் அடக்கப்பட்டது. ஆனால் கேப்பில் அவர் அடங்கியிருந்த மணல்மேட்டை மக்கள் விடவில்லை. அந்த ஊரின் பெயரே இன்று மக்காஸர். அங்குள்ள இப்போதைய கட்டடத்தை 1925ல் எழுப்பியவர் ஹாஜி சுலைமான் ஷா முஹம்மது என்ற இந்திய வணிகர்.

இந்தோனேசியா 1995ல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. தென்னாப்பிரிக்கா 2005ல் ஆலிவர் டாம்போ விருதை அளித்தது. நமக்கு இவற்றைவிட இன்னொரு செய்தி பெரிதாகத் தெரிகிறது. அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகும் தறுவாயில், 1794ல், இலங்கையின் கோரிடான் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட, விடுதலை பெற்ற அடிமை ஒருவர் கேப் டவுனின் டார்ப் தெருவில் ஒரு மனை வாங்கினார். அது அவர் மகள் சார்ச்சிக்கு வந்தது. அந்த அம்மையார் அதைத் தொழுகைக்குக் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் அதுதான். முதல் இமாம், ராபன் தீவில் கைதியாக இருந்து குர்ஆனை நினைவிலிருந்தே எழுதிய துவான் குரு என்ற அப்துல்லாஹ் பின் காழி அப்துஸ் ஸலாம் (ரஹ்). அந்தத் தெருவில் இன்றும் ஐவேளையும் பாங்கு சொல்கிறார்கள்.