எண்ணறிந்த பெருமகனார்

கடலூருக்குத் தெற்கே உள்ள சிதம்பரம், ஆடலரசன் திருக்கோயிலால் புகழ் பெற்ற பழம்பதியாகும். அதனை அடுத்த அண்ணாமலைநகரில் 1929ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே அங்கு விரிவுரையாளராக வந்த இளைஞர் ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகள் அவ்விடத்திருந்து எண்களின் இயல்பை ஆராய்ந்து, உலகறிஞர் வியக்கும் உண்மைகளைக் கண்டார். அவரே சிவசங்கர நாராயண பிள்ளை ஆவார்.

பிள்ளையவர்கள் குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் பிறந்தார்; பிறந்த ஓராண்டில் அன்னையை இழந்தார். பள்ளியின் இறுதியாண்டிலே தந்தையும் மறைந்தார். கல்வி தடைப்படும் அந்நிலையில், சாத்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி புரிந்து அவரைக் காத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று பட்டம் பெற்ற பிள்ளையவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக விளங்கிய பின்னரே சிதம்பரம் வந்தார்.

1770ஆம் ஆண்டில் வாரிங் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு சிக்கலை உலகின்முன் வைத்தார். எந்த முழு எண்ணையும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத நான்கு வர்க்கங்கள் போதும். கனங்களாயின் ஒன்பது போதும். அவ்வாறே ஏனைய அடுக்குகளுக்கு எத்தனை போதும் என்பதே அச்சிக்கல்.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் ஆறாம் அடுக்கு 1, இரண்டினது 64, மூன்றினது 729. இனி, 703 என்னும் எண்ணைக் காண்போம். 729 அதனினும் பெரிதாகலின், 64ஐயும் 1ஐயும் கொண்டே அதனை ஆக்குதல் வேண்டும். பத்து 64கள் சேர்ந்து 640. எஞ்சிய 63க்கு அறுபத்துமூன்று ஒன்றுகள். ஆக, 73 எண்கள் வேண்டும். இதுவரை சிறுவரும் கணித்தல் கூடும். ஆனால் எண்களுக்கோ முடிவில்லை. எத்துணைப் பெரிய எண்ணாயினும் 73க்கு மேல் வேண்டா என்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து அறிய எவராலும் இயலாது. அவ்வுண்மையைப் பிள்ளையவர்கள் 1940ஆம் ஆண்டில் ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். அதற்கு முன்னரே, 1936ஆம் ஆண்டளவில், ஆறினும் மேற்பட்ட அடுக்குகளுக்கு விடை காணும் வழியையும் அவர் வகுத்திருந்தார். அமெரிக்க அறிஞர் டிக்சனும் அக்காலத்திலேயே தனித்து ஆராய்ந்து அவ்வழியைக் கண்டார். பெருநூலகங்களும் அறிஞர் குழாமும் சூழ்ந்த நாட்டில் விளைந்த முடிவு, சிதம்பரத்தின் அமைதியிலும் விளைந்தது.

பின்னர்ப் பிள்ளையவர்கள் திருவனந்தபுரத்திலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். 1950இல் அமெரிக்க நாட்டுப் பிரின்சுடன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக் காலம் தங்கி ஆராயுமாறு அவரை அழைத்தது. அவர் சென்ற வானூர்தி, ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவுக்கு அருகில் வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த ஐம்பத்தைவரும் மாண்டனர். அப்போது பிள்ளையவர்களுக்கு வயது நாற்பத்தொன்பதே.

எஞ்சி நின்ற ஐந்தாம் அடுக்கிற்குச் சீன அறிஞர் சென் 1964இல் விடை கண்டார். நான்காம் அடுக்கிற்கு நம் நாட்டுப் பாலசுப்பிரமணியன், பிரெஞ்சு அறிஞர் இருவரோடு கூடி 1986இல் விடை கண்டார். இவ்வாறு அறிவுப் பணி ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் சென்று நிறைவெய்துகிறது. அப்பணியில் சாத்திரியாருக்கும் பங்கு உண்டு. ஏழை மாணவன் ஒருவனுக்கு அவர் செய்த சிற்றுதவியே உலகிற்கு ஒரு பேரறிஞரைத் தந்தது.