உழைப்பவர் முகம் வரைந்த கேத்தே கோல்விட்ஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

பணம் கொடுத்தவரின் முகமே ஓவியமாகிச் சுவரேறிய காலம் ஒன்றுண்டு. அந்தச் சுவரில் நெசவாளியையும், பசித்த குழந்தையையும், மகனை இழந்த தாயையும் ஏற்றி வைத்தவர் ஜெர்மானியப் பெண் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ்.

1867-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த இவர், 1891-இல் மருத்துவர் கார்ல் கோல்விட்ஸை மணந்து பெர்லினில் தொழிலாளர் வாழும் பகுதியில் குடியேறினார். கணவரிடம் வைத்தியத்திற்கு வந்த ஏழைப் பெண்களின் முகங்களே அவருக்குப் பாடநூல்களாயின.

1844-இல் சைலீசிய நெசவாளர்கள் வயிற்றுக்குப் போதாத கூலியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அதைப் பற்றிய ஹாப்ட்மனின் நாடகத்தை 1893-இல் கண்ட கேத்தே, அதன் தாக்கத்தால் ஆறு படங்கள் கொண்ட வரிசையொன்றைப் படைத்தார். 1898-இல் அதற்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைக்கப்பட்டது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். முதல் படத்தில், தறி நிற்கும் இருண்ட அறையில், படுக்கையில் கிடக்கும் குழந்தையின் அருகே தாய் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நானும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். நூல் வராத வாரங்களில் என் அம்மா உட்காரும் விதம் அதுவே!

ஆறில் மூன்று படங்கள் அமிலத்தால் ஆனவை. உலோகத் தகட்டில் மெழுகு போன்ற பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய கோடுகள் மட்டும் அரிக்கப்படும். அதில் மையிட்டால் ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். ஆய்வுக்கூடத்தில் நாம் அஞ்சிக் கையாளும் அமிலம், அங்கே ஏழையின் கண்ணீரை எழுதியது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. வயது நிரம்பாத இளைய மகன் பீட்டர் படையில் சேரத் தந்தை தயங்கினார். மகனுக்காகப் பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தவர் தாயே. அவ்வாண்டு அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் மாண்டான். வயது பதினெட்டு. அவனுக்கான நினைவுச் சிலைகள் 1932-இல்தான் நிறைவேறின. மண்டியிட்டிருக்கும் அந்தப் பெற்றோரின் முகங்கள், கேத்தே கார்ல் தம்பதியரின் முகங்களே.

1919-இல் பிரஷ்யக் கலைக்கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவரை, 1933-இல் ஹிட்லர் ஆட்சி வெளியேற்றியது. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடியச் சில நாட்களே இருக்கையில், அவர் மறைந்தார்.

நண்பர்களே, நம்மில் படம் வரையத் தெரிந்தவர்கள் பலர். நடிகர் முகத்தை வரையும் கை, நம் வகுப்பறையைப் பெருக்கும் அம்மாவின் முகத்தையும் ஒருமுறை வரையட்டும். அந்த முகத்தை நாம் இதுவரை முழுதாகப் பார்த்ததில்லை என்பது அப்போது விளங்கும்.