அடைக்கலம் தந்த அமீர்

மண்ணும் மதமும் அதிகாரமும் பின்னிப் பிணைந்து சண்டை மூளும்போது ஒரு முஃமின் எங்கே வாளை ஏந்த வேண்டும், எங்கே தடுத்து நிற்க வேண்டும்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர்கள் அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள்.

1808ல் மஸ்கரா நகருக்கு அருகே பிறந்தார்கள். தந்தை ஷைகு முஹ்யித்தீன் அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் பெரியார். குர்ஆனை மனனம் செய்த மகனை ஹஜ்ஜுக்கு அழைத்துச் சென்றார்கள். அப்பயணத்திலேயே பக்தாதில், நம் இல்லங்களிலெல்லாம் பேர் விளங்கும் முஹ்யித்தீன் ஆண்டகை அவர்களையும் ஸியாரத் செய்தார்கள்.

1830ல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது. 1832ல் கோத்திரத்தார் கூடி, 24 வயதே ஆன அப்துல் காதிரின் கரம் பற்றி பைஅத் செய்தனர். 1837ல் தஃப்னா உடன்படிக்கை மூலம் அமீரின் ஆட்சியை ஒப்புக்கொண்ட பிரான்ஸுடன் 1839ல் மீண்டும் போர் மூண்டது. தளபதி புகோ விளைந்த பயிரையும் தானியக் களஞ்சியங்களையும் கொளுத்தினார். அமீரோ கைதிகளைத் துன்புறுத்தக் கூடாதெனக் கட்டளையிட்டார்கள். உணவளிக்க வழியில்லாதபோது அவர்களை விடுதலை செய்தும் அனுப்பினார்கள்.

அண்டை நாடான மொராக்கோ முதலில் அமீருக்குப் புகலிடம் தந்தது. 1844ல் இஸ்லிப் போரில் பிரான்ஸிடம் தோற்றதும், மொராக்கோ சுல்தான் அமீரைக் கைவிட இணங்கினார். மறு ஆண்டு பிரான்ஸும் மொராக்கோவும் எல்லை வகுத்தன. தெற்குப் பாலைவனத்தில் மட்டும் கோடு விழவில்லை. அந்நியர் விட்டுச் சென்ற அந்தக் குறை, 1963ல் இரு முஸ்லிம் நாடுகளையே போர்க்களத்தில் நிறுத்தியது.

இரு பக்கமும் நெருக்கப்பட்ட அமீர், மக்கள் மேலும் மடிவதை விரும்பாமல் 1847 டிசம்பரில் சரணடைந்தார்கள். கிழக்கு நாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன வாக்கை மீறி, பிரான்ஸ் அவர்களைச் சிறை வைத்தது. 1852ல்தான் விடுதலை கிட்டியது. 1855ல் டமாஸ்கஸில் குடியேறி, ஓதிக்கொடுப்பதிலும் இபாதத்திலும் காலம் கழித்தார்கள்.

1860ல் லெபனான் மலையில் துரூஸியருக்கும் மாரோனியக் கிறிஸ்தவருக்கும் மூண்ட போர், ஜூலையில் டமாஸ்கஸுக்கும் பரவியது. கிறிஸ்தவர் தெருக்கள் எரிந்தன. தம் நாட்டைப் பறித்தவர்களும் கிறிஸ்தவர்கள்தாம் என்று அமீர் வாளாவிருக்கவில்லை. அல்ஜீரியத் தோழர்களை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களை மீட்டுத் தம் இல்லத்தில் வைத்தார்கள். இடம் போதாமல் கோட்டைக்கும் அனுப்பினார்கள். வாசலில் திரண்ட கலகக் கூட்டத்தைத் தாமே முன்னின்று தடுத்தார்கள்.

பிரான்ஸ் உயர்ந்த விருதளித்தது. அமெரிக்காவின் லிங்கன் கைத்துப்பாக்கிகள் அனுப்பினார். ரஷ்யாவை எதிர்த்துப் போராடிச் சிறைப்பட்டிருந்த இமாம் ஷாமில் அவர்களும் பாராட்டி எழுதினார்கள். அமீரோ இதை ஷரீஅத் தம்மீது சுமத்திய கடமையாகவே கருதினார்கள்.

1883ல் டமாஸ்கஸில் வஃபாத்தாகி, இப்னு அரபி (ரஹ்) அவர்களின் அருகே அடக்கமானார்கள். சுதந்திர அல்ஜீரியா 1966ல் அவர்களின் உடலைத் தாயகம் கொண்டு சென்றது.

அன்பர்களே! படையெடுத்து வந்தவனை எதிர்த்தது அவர்களின் ஜிஹாது. படையெடுக்காத அண்டை வீட்டானைக் காத்தது அவர்களின் அமானிதம். எங்கோ நடக்கும் சண்டைக்கு இங்குள்ள அண்டை வீட்டாரைப் பொறுப்பாக்கும் எண்ணம் நம் மனத்தில் எழும்போது, அந்த டமாஸ்கஸ் வாசலை நினைவுகூர்வோம். அல்லாஹ் நமக்கும் அத்தகைய ஈமானைத் தந்தருள்வானாக! ஆமீன்.