ஜெயில் கோட் பிரிவு 464: அயோத்திதாசர் எதிர்த்த விதியும் கோலார் தங்கவயலும்

கே.ஜி.எஃப் என்றதும் நம்மில் பலருக்கு யஷ் படம்தான் ஞாபகம் வரும். நிஜ கே.ஜி.எஃப், அதாவது கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், பாதி தமிழ் ஊர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இந்தக் காலம் முழுக்க நிலத்துக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், அதிலும் வட ஆற்காடு போன்ற பகுதிகளில் இருந்து பிழைக்கப் போன தலித் மக்கள்.

அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்தைக் காப்பாற்றி வைத்ததில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் யார், எதற்காகச் சண்டை போட்டார், தொழிலாளர்கள் ஏன் அவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்?

'கோட்' என்றால் புரோகிராம் மட்டும்தானா?

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு கோட் என்றால் ஜாவா, பைதான். ஆனால் சட்டத் தொகுப்புக்கும் அதே பெயர்தான். 1860-ல் வந்தது இந்தியன் பீனல் கோட். சிறைகளுக்கு ஜெயில் கோட். மனு ஸ்மிருதியையும் ஆங்கிலத்தில் மனுவின் கோட் என்றுதான் சொல்வார்கள். டேட்டா ஷீட்டில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு எண் கொடுத்தால் அதுவும் கோட்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கு. எழுதுபவர் ஒருவர், அதன்படி நடத்தப்படுபவர் வேறொருவர். நடத்தப்படுபவர்கள் பக்கம் நின்று, எழுதியதைப் படித்து, எங்கே தப்பு என்று சுட்டிக்காட்டியவர் அயோத்திதாசர்.

யார் இவர்?

1845 மே 20-ல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். நீலகிரியில் வளர்ந்தார். தனக்குத் தமிழும் சித்த மருத்துவமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். பிழைப்பு சித்த வைத்தியம். சிறுவனாக இருந்த திரு.வி.க.வுக்கு வைத்தியம் பார்த்தவரும் இவர்தான். தன் தாத்தா கந்தப்பன் வழியாகத்தான் திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பிற்பாடு எழுதினார்.

1885-ல் ஜான் ரத்தினத்துடன் சேர்ந்து 'திராவிட பாண்டியன்' இதழை நடத்தினார். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார்.

பிரிவு 464-ல் என்ன இருந்தது?

அந்தச் சபை 1891 டிசம்பர் 1-ல் ஊட்டியில் மாநாடு கூட்டி 10 தீர்மானங்கள் போட்டது. தனிப் பள்ளிகள், அரசு வேலை, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை, நீதிமன்றத்துக்குள் தடையில்லாமல் நுழைவது என்று அந்தப் பட்டியல் போகும்.

அதில் ஒன்று சிறை பற்றியது. சிறையில் இழிவான வேலைகளைப் பறையர் சமூகக் கைதிகளுக்கு ஒதுக்கிய ஜெயில் கோட் பிரிவு 464-ஐ நீக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த விதி இருந்த இடம். தர்ம சாஸ்திரத்தில் இருந்திருந்தால் அது பழைய கதை என்று கடந்துவிடலாம். ஆனால் இது பிரிட்டிஷ் அரசு அச்சடித்த, எண் போட்ட விதி. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று பேசிய அரசே, பழைய சாதிக் கணக்கைத் தன் புதிய புத்தகத்துக்குள் ஏற்றிவிட்டது. அவர் பொதுவாகக் கோரிக்கை வைக்கவில்லை, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டே கேட்டார். அரசு ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற இந்தப் பழக்கம் கடைசி வரை அவரிடம் இருந்தது.

அடுத்த வருஷம் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவு பற்றிக் கேட்டார். அது நிராகரிக்கப்பட்டது. இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகிய கோரிக்கைகள் மட்டும் ஏற்கப்பட்டன.

கணக்கெடுப்பில் என்ன சண்டை?

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தன் மக்களை ஆதித்தமிழர் என்று பதியச் சொன்னவர் அவர். 1886-ல், தாங்கள் இந்துக்கள் அல்ல என்று அறிவித்தார். 1898-ல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை போய், கொழும்பில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் பிறகு அவர் கேட்ட பதிவு 'பௌத்தர்'.

1911 கணக்கெடுப்புக்கு முன்னால் ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை விட்டார். பிராமணர்களின் மேலாண்மையை ஏற்காதவர்கள் யார், கோயிலுக்குள் விடப்படாதவர்கள் யார் என்று சில அளவுகோல்களை வைத்து, சாதிகளைப் பட்டியலிடச் சொன்னது அது. இந்து என்ற கட்டத்துக்குள் யார் வருவார்கள் என்ற கேள்வி அரசுக்கே இருந்தது. உள்ளே விடாத மதத்தின் தலை எண்ணிக்கையில் மட்டும் எங்களை ஏன் சேர்க்கிறீர்கள் என்பதுதான் அயோத்திதாசர் தரப்பு வாதத்தின் சாரம்.

1907 ஜூன் 19-ல் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகைதான் இந்த வாதத்துக்கு மேடை. விலையே பெயரானது: 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு வருஷத்தில் அது 'தமிழன்' ஆனது.

கோலாருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ரயில் பாதை முடிகிற மாரிக்குப்பத்தில் அவர் உயிரோடு இருந்தபோதே பௌத்த சங்கக் கிளை வந்துவிட்டது. எம்.ஒய்.முருகேசர் போன்றவர்கள் அதை நடத்தினார்கள்.

ஏன் அங்கே என்று யோசித்தால் காரணம் புரியும். கிராமத்தில் சாதி ஒரு அடையாளம் கொடுத்திருந்தது. சுரங்கத்தில் கம்பெனி இன்னொன்று கொடுத்தது. மணிக்கட்டில் எண் பொறித்த தாயத்து கட்டும் முறை அங்கே இருந்தது. தங்கத் திருட்டைத் தடுக்க என்று தனிச் சட்டமும் காவலும் இருந்தன. இப்படி எண்ணாகவும் சாதியாகவும் மட்டுமே பதியப்பட்ட ஒருவரிடம், உனக்கு வேறொரு வரலாறு இருக்கு என்று சொன்ன பத்திரிகை அது.

1914 மே 5-ல் அயோத்திதாசர் காலமானார். சில ஆண்டுகளில் பத்திரிகை நின்றுபோனது. 1926-ல் கோலார் தங்கவயலில் இருந்து ஜி.அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி கொண்டுவந்தார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டது. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து அதே ஊரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குக் காரணம் அயோத்திதாசர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், யார் எங்களை எப்படிப் பதிகிறார்கள் என்ற கேள்வி அந்த ஊருக்குப் புதிதல்ல.

விமர்சனம் இல்லையா?

நிறைய உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி மேல் அவர் வைத்த நம்பிக்கை ஒன்று. சொற்களைப் பிரித்து அவர் எழுதிய பௌத்த வரலாற்றின் பல பகுதிகளை வரலாற்றாளர்கள் ஆதாரமாக ஏற்பதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்து, அருந்ததியர் உள்ளிட்ட சில சமூகங்களைத் தன் பூர்வ பௌத்தர் வட்டத்துக்கு வெளியே வைத்தது. அடுத்தவர் போட்ட கோட்டை அழித்தவர் தானும் ஒரு கோடு போட்டார். இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது நேர்மையாக இருக்காது.

இப்போது ஏன் இதைப் பேசணும்?

பல பத்தாண்டுகள் பொதுவெளியில் மறக்கப்பட்டிருந்த அவருடைய எழுத்துகளை, 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் தொகுப்பாக வெளியிட்டது. தொகுத்தவர் ஞான.அலாய்சியஸ். 2005-ல் அஞ்சல் தலை வந்தது.

2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. பல மாநிலச் சிறை விதிகளில் துப்புரவு வேலையைச் சாதி பார்த்து ஒதுக்கும் பிரிவுகள் இன்னும் இருந்தன. அவை அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானவை என்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அமர்வு ரத்து செய்தது. கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதற்கு உதாரணமாக அந்த வழக்கில் பேசப்பட்ட சிறைகளில் பாளையங்கோட்டையும் ஒன்று. ஊட்டித் தீர்மானத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 133 வருஷம்.

கைதிகள் பதிவேட்டில் இருக்கும் சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது அந்தத் தீர்ப்பு. இன்னொரு பக்கம், 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் பதியப்படும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. ஒரு படிவத்தில் அந்தப் பத்தி போகிறது, இன்னொன்றில் வருகிறது. இரண்டுமே சரியாக இருக்கலாம். வேலையை ஒதுக்கக் கேட்கிறார்களா, உரிமையைக் கணக்கிடக் கேட்கிறார்களா என்பதுதான் வித்தியாசம். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது, அவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்ப்பது நல்லது.