ஊர் திரும்பாத பேராயரின் தேசப்படம்

நமது பழைய மாணவிகளிற் சிலர் இன்று நோர்வேயிலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அந்த வடநாடுகளை ஊர்ப்பெயர்களோடும் அவ்வூர் மக்களின் கதைகளோடும் முதன்முதலிற் பெரிய அளவில் வரைந்து உலகுக்குக் காட்டியவர் ஒலாவுஸ் மக்னுஸ். படத்தை வரைந்த காலத்தில் அவரும் பிறந்த நாட்டுக்குப் போக முடியாதவராகவே இருந்தார்.

சுவீடன் நாட்டின் லிங்கோப்பிங் நகரில் 1490ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பிறந்தார். அவருடைய தமையனார் ஜொஹானஸ் மக்னுஸ். இருவரும் கற்றுத் தேர்ந்து குருத்துவப் பணியிற் சேர்ந்தனர். 1518, 1519ஆம் ஆண்டுகளில் திருச்சபை வேலையாக ஒலாவுஸ் சுவீடனின் வடபகுதிக்கும் நோர்வேக்கும் சென்றார். மனிதர் பனிச்சறுக்குப் பலகைகளிற் காடுகளைக் கடப்பதையும், உறைந்த நீரின்மேல் வண்டிகள் ஓடுவதையும், பனிமான்களைப் பழக்கி வாழும் சாமி மக்களையும் அறிந்தார். அப்பயணத்திற் கண்டதும் கேட்டதும் அவர் மனதில் ஆயுள் முழுவதும் நிலைத்து நின்றன.

1523இல் குஸ்தாவ் வாசா சுவீடனின் அரசரானார். ஜொஹானஸ் உப்சலாவின் பேராயராகத் தெரிவு செய்யப்பட்டார். அத்தெரிவுக்குப் பாப்பரசரின் உறுதிப்பாட்டைப் பெற்று வருமாறு தம்பியார் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். அவ்வாறு புறப்பட்டவர் பின்னர் தாயகத்தில் வாழவே இல்லை. வெளிநாடுகளில் அரசருக்காகத் தூதுப் பணிகளில் ஈடுபட்டிருந்த காலத்தில் சுவீடன் சீர்திருத்த சமயத்தின் பக்கம் சாய்ந்தது. சகோதரர் இருவரும் பழைய சமயத்தையே பற்றி நின்றனர். 1530இல் ஒலாவுஸின் சொத்துக்கள் பறிமுதலாயின. இன்று போலந்தில் உள்ள டான்சிக் துறைமுக நகரில் இருவரும் அகதிகளாய்த் தங்கினர்.

அங்கேதான் 1527ஆம் ஆண்டில் அவர் தேசப்பட வேலையைத் தொடங்கினார். தென் ஐரோப்பியர் வடநாடுகளைப் பற்றி அறிந்தது மிகச் சொற்பம். பழைய படங்களில் அப்பகுதி உருவம் பிறழ்ந்து கிடந்தது. உரோமாபுரி எத்துணைப் பெரிய நாடுகளைக் கைநழுவ விடுகிறது என்பதைத் திருச்சபைத் தலைவர்களின் கண்முன் வைக்கவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. தம் பயணக் குறிப்புகளோடு கடலோடிகளிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். 1539இல் வெனிஸ் நகரில், அந்நகரப் பெரிய குருவின் ஆதரவோடு படம் அச்சாயிற்று. அதன் பெயர் கார்ட்டா மரீனா. ஒன்பது மரக்கட்டைகளிற் செதுக்கி, ஒன்பது தாள்களில் அச்சிட்டு இணைத்த அப்படம் ஏறக்குறைய 1.7 மீற்றர் அகலமும் 1.25 மீற்றர் உயரமும் கொண்டது.

படத்தின் கடற்பகுதியைப் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். நோர்வேக் கரையில் செந்நிறப் பெரும் பாம்பொன்று கப்பலைச் சுற்றி வளைக்கிறது. திமிங்கிலத்தின் முதுகைத் தீவென எண்ணிய மாலுமிகள் நங்கூரமிட்டு, அதன்மேல் நெருப்பு மூட்டிச் சமைக்கின்றனர். பெரிய சிங்கிறால் ஒன்று மனிதனைக் கொடுக்கிற் பிடித்திருக்கிறது. லொபோட்டன் தீவுகளருகே நீர்ச்சுழி கப்பலை இழுக்கிறது. தரையிலே பழங்கதை வீரன் ஸ்டார்க்காதர், ரூன் எழுத்துப் பொறித்த கற்பலகைகளை ஏந்தி நிற்கிறான். இவற்றினிடையே மீன் பிடிப்போரும், பனிமானிற் பால் கறக்கும் பெண்ணும், உறைந்த கடலிற் பொருதும் படைகளும் உள்ளனர். கதையையும் கண்கண்ட வாழ்வையும் அவர் பிரித்து வைக்கவில்லை. கடற்பாம்பு உண்டென்றே நம்பினார். குருவிகள் குளிர்காலத்தில் நீருக்கடியில் உறங்குகின்றன என்றும் நம்பினார். அக்கால அறிஞர் பலரும் அவ்வாறே நம்பினர். மூன்ஸ்டர், கெஸ்னர் போன்றோர் இப்படத்திலிருந்த விலங்குகளைத் தம் நூல்களில் எடுத்தாண்டனர்.

ஆயினும் அவர் வரைந்தது வெறும் கற்பனையன்று. ஐஸ்லாந்துக்குக் கிழக்கே கடலில் அவர் சுருள்சுருளாய்க் கோடுகள் இட்டிருந்தார். நெடுங்காலம் அதை அலங்காரம் என்றே எண்ணினர். வெந்நீரோட்டமும் தண்ணீரோட்டமும் சந்திக்கும் இடத்தோடு அச்சுருள்கள் பொருந்துவதைக் கடலாய்வாளர் இருவர் 2003இல் எடுத்துக் காட்டினர். கடலோடிகளின் வாய்மொழியை அவர் மதித்துக் கேட்டதன் பலன் இது போலும்.

1544இல் தமையனார் காலமானார். பாப்பரசர் மூன்றாம் பவுல், உப்சலாப் பேராயர் பதவியைத் தம்பியாருக்கு வழங்கினார். பதவி பெயரளவிலேதான், பேராலயமும் மக்களும் எட்டாத் தூரத்தில் இருந்தனர். 1545இல் திரெந்து சங்கம் கூடியபோது வடநாட்டின் குரலாக அங்கே அமர்ந்தார். பின்னர் உரோமாபுரியில் புனித பிரிஜித்தாவின் இல்லத்தைப் பொறுப்பேற்று, அங்கேயே அச்சுக்கூடமும் நடத்தினார். முதலில் தமையனார் எழுதி வைத்த அரசர் வரலாற்றை 1554இல் அச்சிட்டார். அதன் பின்னரே, 1555இல், வடநாட்டு மக்களைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். இருபத்திரண்டு பகுதிகளும் நூற்றுக்கணக்கான மரச்செதுக்குப் படங்களும் கொண்ட அந்நூல், தேசப்படத்தில் இருந்த ஒவ்வொரு சிறு உருவத்துக்கும் விரிவுரை என்றே சொல்லலாம். பனித்துகள்களின் பலவித வடிவங்களைக்கூட அதில் வரைந்திருந்தார். இரண்டாண்டுகளின் பின், 1557 ஓகஸ்ட் முதலாம் நாள், உரோமாபுரியிலேயே கண்மூடினார்.

நூல் பல மொழிகளிற் பரவியது. தேசப்படமோ மறைந்து போயிற்று. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மூலப்பிரதி எங்கே என்று தெரியாதிருந்து, 1886இல் ஜேர்மனியின் மியூனிக் நகர நூலகத்தில் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பின்னர் சுவிற்சர்லாந்தில் இன்னொன்று கிடைத்தது. அதை வாங்கியது உப்சலாப் பல்கலைக்கழக நூலகம். பேராயர் என்ற பட்டத்தோடு அவர் ஒருநாளும் கால் வைக்காத நகரம் உப்சலா. அவர் கையால் உருவான வடநாடு நானூறு ஆண்டுகளுக்குப் பின் அங்கே போய்ச் சேர்ந்தது. சுவீடனில் வாழும் நம் சகோதரிகள் பிள்ளைகளோடு உப்சலாவுக்குப் போகும் நாளில் இவரை ஒருகணம் நினைத்துக்கொள்வார்களாக.